நடுகல்லும் விமானக் குழுப்படமும்: இரண்டாம் உலகப்போர் ஒளிப்படங்கள் பற்றிய ஒரு திறனாய்வு

முன்னுரை

போர்விமானங்களும் அவற்றில் பறந்தோரும் இடம்பெற்ற ஒளிப்படங்கள் உலகின் பெரும் ஆவணக்காப்பகங்களில் ஆயிரக்கணக்கில் பேணப்பட்டு வருகின்றன. படைத்துறை வரலாற்றாசிரியர் அவற்றில் விமானத்தின் வகையையும் பதிவெண்ணையும் தேடுகின்றனர். மாண்டவரின் குடும்பத்தார் ஒரு முகத்தைத் தேடுகின்றனர். இவ்விரு தேடல்களும் நியாயமானவையே. ஆயினும் ஒளிப்படத்தை ஒரு பனுவலாகக் கொண்டு, அதனை ஆக்கியவர் யார், ஆக்குவித்தவர் யார், அதில் இடம்பெறாதோர் யார் என்று வினவும் வாசிப்பு இவ்விரண்டிலும் அடங்குவதில்லை.

இத்தகைய வாசிப்புக்குத் தமிழ்மரபு ஓர் அளவுகோலைத் தருகிறது. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் எடுக்கும் வழக்கைத் தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி முதல் வாழ்த்தல் ஈறாக ஆறு நிலைகளாக வகுத்துரைக்கிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்து நடுகற்களும், செங்கம் வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்களும் இம்மரபின் கண்கூடான சான்றுகள். பிற்கால நடுகல் ஒன்றில் உருவமும் எழுத்தும் சேர்ந்தே நிற்கும். உருவம் வீரனைக் காட்ட, எழுத்து அரசனின் ஆட்சியாண்டையும், வீரன் யாருடைய சேவகன் என்பதையும், எந்த நிரை கவர்தலில் அல்லது மீட்டலில் பட்டான் என்பதையும் கூறும். எழுத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது வில்லோ வாளோ ஏந்திய ஓர் உருவம் மட்டுமே. அவன் யாருக்காக, எதன்பொருட்டு மாண்டான் என்பது தெரியாமற் போகும்.

விமானக் குழுப்படமும் உருவமும் எழுத்தும் சேர்ந்த ஒரு நினைவுப்பொருளே. அதன் எழுத்து படக்குறிப்பு. அப்படக்குறிப்பு நடுகல்லின் எழுத்துச் சொல்லும் அளவுக்கேனும் சொல்கிறதா என்பதே இக்கட்டுரையின் வினா. இரண்டாம் உலகப்போரைச் சேர்ந்த சில படங்களைக் கொண்டு இவ்வினா ஆராயப்படுகிறது. அவற்றுட் சில சென்னை மாகாணத்தோடும் இலங்கையோடும் நேரடித் தொடர்புடையவை.

1. வீழ்வதற்கு முன் நட்ட கல்

1940 ஆகஸ்டில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரிலுள்ள கர்ட்டன்-இன்-லிண்ட்சி விமானத் தளத்தில், பிரித்தானிய அரச விமானப்படையின் 264ஆம் படையணியை அப்படையின் ஒளிப்படக்காரர்கள் படம் எடுத்தனர். இன்று லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் உள்ள அப்படங்களுள் ஒன்றில், போல்ட்டன் பால் டெஃபையன்ட் வகை விமானங்கள் அணிவகுத்துப் பறக்கின்றன. அவற்றின் உடற்பகுதியில் படையணியைக் குறிக்கும் ‘பிஎஸ்’ என்னும் எழுத்துகள் உள்ளன. அவற்றுள் என் 1535 என்ற பதிவெண் கொண்ட விமானம் படையணித் தலைவர் ஃபிலிப் ஹன்டருடையது.

டெஃபையன்டின் அமைப்பை அறியாதவருக்கு இப்படத்தின் பொருள் விளங்காது. இவ்விமானத்தில் முன்னோக்கிச் சுடும் துப்பாக்கி கிடையாது. நான்கு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகளும் விமானியின் பின்னால் அமைந்த சுழலும் கூண்டில் இருந்தன. விமானி ஓட்டுவார், சுடுபவர் கூண்டில் அமர்ந்திருக்கும் துப்பாக்கி வீரர். அக்கூண்டு மிகக் குறுகலானது. ஆகவே பாரசூட்டை உடையோடு சேர்த்தே அமைத்த தனிச் சீருடை துப்பாக்கி வீரருக்கு வழங்கப்பட்டது. விமானம் அடிபட்டால் விமானிக்கு இருந்த தப்பும் வாய்ப்பு கூண்டில் இருந்தவருக்கு மிகக் குறைவு. பருத்த உடையணிந்த துப்பாக்கி வீரர் விமானத்தில் ஏறும் படம் முதற்பார்வைக்கு ஒரு தொழிலாளி பணிக்குச் செல்லும் காட்சியாகத் தோன்றும். கூண்டின் அமைப்பை அறிந்தபின் அதே படத்தைப் பார்ப்பவர் அந்த உடையின் காரணத்தையும் சேர்த்தே பார்ப்பார்.

1940 மே 29 அன்று டன்கர்க் வான்வெளியில் இப்படையணி ஒரே நாளில் 37 பகை விமானங்களை வீழ்த்தியதாக உரிமை கோரியது. உண்மை எண்ணிக்கை இதனினும் மிகக் குறைவு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஒரே விமானத்தை நோக்கிப் பல கூண்டுகள் சுடும்போது ஒவ்வொருவரும் தாமே வீழ்த்தியதாக நம்புவது இயல்பு. எனினும் அந்த வெற்றிச் செய்தியே ஆகஸ்டுப் படங்களின் தொனியைத் தீர்மானித்தது. எந்த முகத்திலும் தயக்கம் இல்லை, அணிவகுப்பில் குறைவில்லை. ஆகஸ்ட் 22 அன்று படையணி லண்டனுக்கு அண்மையிலுள்ள ஹார்ன்சர்ச்சுக்கு மாற்றப்பட்டது. 24 அன்று ஹன்டரும் அவருடைய துப்பாக்கி வீரர் கிங்கும் என் 1535இல் சென்று திரும்பவில்லை. அம்மாத முடிவுக்குள் பெரும் இழப்புகளுக்குப்பின் படையணி பகற்போரிலிருந்து விலக்கப்பட்டது. பின்னர் அது இரவுப்போருக்கு அனுப்பப்பட்டது.

நடுகல் வீழ்ந்தபின் நடப்படுவது. இப்படமோ வீழ்வதற்கு முன் எடுக்கப்பட்டது. வீழ்ந்தபின்னரே அது நினைவுக்கல்லாக மாறிற்று. பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலன் பார்த் 1980இல் வெளியான தம் ஒளிப்பட நூலில், மரண தண்டனை பெற்ற ஓர் இளைஞனின் 1865ஆம் ஆண்டுப் படத்தைக் கொண்டு, ஒளிப்படத்தில் கடந்துபோன சாவும் வரப்போகும் சாவும் ஒருங்கே நிற்பதை விளக்கினார். விமானக் குழுப்படங்களில் அந்த இரட்டைக் காலம் தனியொருவனுக்கு உரியதன்று. ஒரு தலைமுறைக்கே உரியது. ஆனால் அதனை உணர்வதற்குத் தேதி வேண்டும், பெயர் வேண்டும். விமானத்தின் பதிவெண்ணைத் தரும் படக்குறிப்பு, கூண்டில் இருந்தவரின் பெயரை விட்டுவிடுமாயின், அப்படத்தில் முதலில் சாவை எதிர்நோக்கியவர் பெயரற்றவராகிறார். செங்கம் நடுகல்லை வெட்டியவர் செய்யாத பிழை இது.

2. ‘சென்னை மாகாணம்’ என்னும் பெயர்

264ஆம் படையணியின் முழுப்பெயர் ‘264 (சென்னை மாகாணம்) படையணி’ என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும். போர்நிதி அளித்த காலனிகள், சமஸ்தானங்கள், மாகாணங்கள் ஆகியவற்றின் பெயர்களைப் படையணிகளுக்குச் சூட்டும் வழக்கத்தால் வந்தது இப்பெயர். 79, 99, 234 ஆகிய படையணிகளும் சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கின. ஹைதராபாத், பம்பாய், டிரினிடாட், ரொடீஷியா முதலிய பெயர்களும் இவ்வாறே வழங்கின. 1940இல் பிரித்தானிய விமான உற்பத்தி அமைச்சகம் ஒரு ஸ்பிட்ஃபயர் விமானத்திற்கு 5,000 பவுன் என்று ஒரு பெயரளவு விலையை நிர்ணயித்து, உலகெங்கும் நன்கொடை திரட்டியது. உண்மையான உற்பத்திச் செலவு இதனினும் கூடுதல். ஆயினும் கொடுப்பவர் மனத்தில் பதியக்கூடிய ஒரு தொகையாக அது இருந்தது.

இப்பெயரை இரு வகையாகத் தவறாக வாசிக்க இடமுண்டு. ஒன்று, ‘நம் படையணி’ என்று பெருமை கொள்ளும் வாசிப்பு. இதற்குப் படங்களிலும் வரலாற்றிலும் சான்றில்லை. ஆகஸ்டுப் படங்களில் நிற்போர் சென்னை மாகாணத்தவர் அல்லர். மேலும் அன்றைய சென்னை மாகாணம் தமிழ் வழங்கும் நிலம் மட்டுமன்று. ஆந்திரக் கடற்கரையும் மலபாரும் தென்கன்னடமும் அதில் அடங்கின. அப்பெயரைத் ‘தமிழ்’ என்று மொழிபெயர்ப்பது பிழை.

மற்றொன்று, பெயர் வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடும் வாசிப்பு. இதுவும் ஏற்கத்தக்கதன்று. இந்தியரைக் கலந்துகொள்ளாமலே இந்தியா போரில் ஈடுபடுவதாக அறிவிக்கப்பட்டதை எதிர்த்து, இராஜாஜி தலைமையிலான சென்னை அமைச்சரவை 1939 அக்டோபர் இறுதியில் பதவி விலகியது. 264ஆம் படையணி மீண்டும் உருவாக்கப்பட்டதும் அதே அக்டோபரில்தான். அதன்பின் மாகாணத்தின் ஆட்சி ஆளுநரிடம் இருந்தது. ஆகவே தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவை இல்லாத காலத்தில் மாகாணத்தின் பெயர் வானில் பறந்தது. மனமுவந்து கொடுத்தோர் இருந்திருப்பர். வற்புறுத்தலால் கொடுத்தோரும் இருந்திருப்பர். எவ்வாறாயினும் ‘சென்னை மாகாணம்’ என்ற சொல் ஒரு கொடையின் பதிவு. அக்கொடை யார் பெயரால், யாருடைய இசைவோடு அளிக்கப்பட்டது என்னும் வினா அச்சொல்லுக்குள் இருக்கிறது.

நடுகல் மரபில் வீரனோடு அவன் தலைவனின் பெயரும் இடம்பெறும். புறப்பாடல்களிலும் புரவலன் பெயர் மறைவதில்லை. இங்கோ பல படக்குறிப்புகள் ‘264ஆம் படையணி’ என்று எண்ணை மட்டும் தருகின்றன. அடைப்புக்குறிக்குள் இருக்கவேண்டிய பெயர் விடுபடுகிறது. பெயர் விடுபடும்போது கொடையும், கொடைக்குப் பின்னிருந்த ஆட்சியுறவும் சேர்ந்தே விடுபடுகின்றன.

3. எழுவர் நிற்கும் படம்

போர்விமானப் படங்களுள் மிகப் பழகிய வடிவம் குண்டுவீச்சுக் குழுவின் படமே. நான்கு எஞ்சின் கொண்ட லங்காஸ்டர் அல்லது ஹாலிஃபாக்ஸ் விமானத்தின் மூக்கின்கீழ் எழுவர் நிற்பர்: விமானி, விமானப் பொறியாளர், வழிகணிப்பாளர், குண்டெறிநர், கம்பியில்லாத் தந்தியாளர், மேற்கூண்டிலும் வால்கூண்டிலும் அமரும் துப்பாக்கி வீரர் இருவர். சிலர் தோழர் தோளில் கைபோட்டிருப்பர். பின்னால் தெரியும் விமான உடலில், முடித்த தாக்குதல்களைக் குறிக்கச் சிறு குண்டு வடிவங்கள் வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கும். சில படங்களில் மட்டும் தரைப்பணியாளரும் சக்கரத்தருகே அல்லது இறக்கைமேல் இடம்பெறுவர். இரவெல்லாம் குளிரில் எஞ்சினைச் செப்பனிட்ட அவர்கள் பெரும்பாலும் சட்டகத்திற்கு வெளியே நின்றவர்கள்.

இலங்கையின் பெயரைத் தாங்கிய 102 (சிலோன்) படையணி இவ்வகைக் குழுக்களைக் கொண்டதே. 1942 முதல் யார்க்ஷயரின் பொக்லிங்டன் தளத்திலிருந்து அது ஹாலிஃபாக்ஸ் விமானங்களைச் செலுத்தியது. குண்டுவீச்சுக் கட்டளையகத்தின்கீழ் மிகுதியான இழப்பைக் கண்ட படையணிகளுள் அதுவும் ஒன்று. அக்கட்டளையகத்தில் பணியாற்றிய ஏறத்தாழ 125,000 விமானக் குழுவினருள் 55,573 பேர் மாண்டனர். ஒருவருக்கு விதிக்கப்பட்ட முதற்சுற்று 30 தாக்குதல்கள். அதனை முடித்தவர் எடுத்துக்கொண்ட படமும், முடிக்காமற்போனவர் விட்டுச்சென்ற படமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும்.

இப்படங்களின் நெருக்கம் பொய்யன்று. பயிற்சிப் பிரிவில் விமானிகளையும் பிறரையும் ஒரு கொட்டகையில் கூட்டி, தாமே கலந்து பேசிக் குழு அமைத்துக்கொள்ளுமாறு விடுவது வழக்கம். படைத்துறையில் அரிதான இவ்வுரிமையால், குழு என்பது ஆணையால் விளைந்த கூட்டமாக இல்லாமல் தேர்ந்துகொண்ட உறவாக இருந்தது. தோளில் கிடக்கும் கைக்குப் பின்னால் இந்த வரலாறு உண்டு. அவர்களின் அச்சத்தையும் துணிவையும் குறைத்து மதிப்பிடும் எவ்வாசிப்பும் நேர்மையானதாகாது.

ஆயினும் இதே எழுவர் மற்றுமொரு படத்தையும் எடுத்தனர். குண்டுவீச்சு விமானத்தின் அடிப்பகுதியில் தானியங்கி ஒளிப்படக்கருவி பொருத்தப்பட்டிருந்தது. குண்டுகள் விழும்போது கூடவே ஓர் ஒளிக்குண்டும் விழும். அது வெடிக்கும் கணத்தில் கீழுள்ள நிலம் படமாகும். படம் பதியும்வரை விமானி விலகாமல் நேராகப் பறக்கவேண்டும். பீரங்கித் தாக்குதலுக்கிடையே அந்தச் சில நொடிகள் மிகக் கொடியவை. திரும்பியபின் அப்படத்தைக் கொண்டே குழு இலக்கை எட்டியதா என்று மதிப்பிடப்பட்டது.

ஆக, ஒரு குழுவின் வாழ்வில் இரு படங்கள் உண்டு. ஒன்றில் ஏழு முகங்கள். மற்றொன்றில் ஒரு முகமும் இல்லை, தீப்புள்ளிகளும் புகையும் ஒளிக்கோடுகளும் மட்டும். 1943 சூலையில் ஹாம்பர்க் நகரில் எழுந்த தீப்புயல் முதலான தாக்குதல்களில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். மேலிருந்து எடுத்த படங்களில் அவர்கள் வெளிச்சமாக மட்டுமே இருக்கிறார்கள். முதற்படம் குடும்பத்தாரின் வரவேற்பறைக்குச் சென்றது. இரண்டாம் படம் கட்டளையகத்தின் கோப்புக்குச் சென்றது. அதே பிரிவினை பின்னர் ஆவணக்காப்பகங்களுக்குள்ளும் நுழைந்தது. ஒன்று ‘பணியாளர்’ என்ற தலைப்பின்கீழும் மற்றது ‘இலக்குகள்’ என்ற தலைப்பின்கீழும் வைக்கப்படுமாயின், இரண்டையும் ஒரே கைகள் ஆக்கின என்பதை வாசகர் அறிய வழியில்லை.

லண்டன் கிரீன் பார்க்கில் 2012 சூன் 28 அன்று திறக்கப்பட்ட குண்டுவீச்சுக் கட்டளையக நினைவுச்சின்னம் இவ்விடத்தில் கருதத்தக்கது. சிற்பி ஃபிலிப் ஜாக்சன் வடித்த எழுவர், குழுப்படத்தின் வெண்கல வடிவமாகவே நிற்கின்றனர். ஆனால் அங்குள்ள எழுத்துகளுள் ஒன்று, 1939–1945 காலக் குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூர்கிறது. உருவத்தில் இடம்பெறாதோர் எழுத்தில் இடம்பெற்றனர். ஒரு நினைவுச்சின்னத்தில் எழுத்துக்குரிய கடமை யாது என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது.

4. கீழே இருந்தவர்கள்

மேலிருந்து எடுக்கப்பட்ட படத்தின் இயல்பைத் தமிழர் வாழும் கடற்கரையொன்றிலிருந்தே காணலாம். 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானியக் கப்பற்படையின் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9 அன்று திருகோணமலையைத் தாக்கின. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் குண்டுகளால் மூழ்கடிக்கப்பட்டது. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட முதற்கப்பல்களுள் ஒன்றான அதில் அன்று தற்காப்புக்கு விமானங்கள் இல்லை. 307 பேர் மாண்டனர். உயிர்தப்பியோரை வீட்டா என்னும் மருத்துவக் கப்பல் மீட்டது.

ஹெர்மிஸ் மூழ்கும் காட்சியைக் காட்டும் புகழ்பெற்ற படங்கள் ஜப்பானிய விமானத்திலிருந்து எடுக்கப்பட்டவை. நீரில் சரிந்த கப்பலும் எழும் புகையும் அவற்றில் தெளிவு. மாலுமிகள் புலப்படார். அப்படங்களை வெற்றியின் சான்றாக எடுத்தவர்கள் ஒரு தரப்பினர். இன்று அவற்றை இழப்பின் சான்றாகப் பேணுபவர்கள் மறுதரப்பினர். படம் மாறவில்லை, படக்குறிப்பே மாறியது. ஐரோப்பிய இரவுகளில் ஹாம்பர்க்கைப் படமெடுத்தோரின் நாட்டினர் இங்கே படத்தின் கீழ்ப்பாதியில் இருக்கின்றனர். மேலிருப்பது எந்நாட்டவர் என்பதைப் பொறுத்து இப்பார்வை மாறுவதில்லை. உயரமே முகத்தை அழிக்கிறது.

அதே வாரத்தில், ஏப்ரல் 6 அன்று, சென்னை மாகாணத்தைச் சேர்ந்த விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. அடுத்தது சென்னையே என்னும் அச்சத்தால் நகரமக்கள் பெருந்திரளாக வெளியேறினர். இரண்டாம் பகுதியில் எழுப்பிய வினா இங்கே முழுமை பெறுகிறது. இங்கிலாந்தின் வானில் போர்விமானங்களுக்குத் தன் பெயரைக் கொடுத்திருந்த மாகாணம், தன் சொந்த வானத்தை அஞ்சி நோக்கியது. பெயரளவில் அது விமானத்தின் மேல் இருந்தது. உடலளவில் விமானத்தின் கீழ் இருந்தது. சென்னை மாகாணப் படையணி ஒன்றின் படத்தை வாசிப்பவர் இவ்விரு நிலைகளையும் சேர்த்தே எண்ணவேண்டும். 79ஆம் படையணி 1942இல் இந்தியாவுக்கு வந்து பர்மாப் போர்முனையில் ஈடுபட்டது என்பதும் இத்தொடர்பின் ஒரு பகுதியே.

5. ஒரு விமானம், மூன்று கோணங்கள்

குழுப்படமும், விமானத்திலிருந்து எடுத்த படமும், தரையிலிருந்து எடுத்த படமும் ஒரே நிகழ்ச்சிக்குக் கிடைத்திருப்பது ஹிரோஷிமாவில். 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டை வீசிய பி-29 விமானத்திற்கு விமானி பால் டிபெட்ஸ் தம் தாயின் பெயரான இனோலா கே என்பதைச் சூட்டினார். விமானி இருக்கைக்குக் கீழே தீட்டப்பட்ட அப்பெயரும், சாளரத்தின் வழியே கையசைக்கும் டிபெட்ஸும், தரைப்பணியாளரிடையே நிற்கும் அவருடைய உருவமும் பலமுறை அச்சேறியவை. தாயின் பெயர் விமானத்தை ஒரு வீட்டுப்பொருள் ஆக்குகிறது. போர்விமானங்களுக்குப் பெண்பெயர் இடும் பழக்கம் முழுவதற்கும் இது பொருந்தும். ஆயின் இங்கே அப்பெயருக்கும் விளைவுக்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது.

எழும்பிய புகைமண்டலத்தின் படத்தை எடுத்தவர் அவ்விமானத்தின் வால்பகுதித் துப்பாக்கி வீரர் ஜார்ஜ் கேரன். குழுப்படத்தில் நிற்பவரே இங்கு ஒளிப்படக்காரர். அன்று நகருக்குள் இருந்தவர் சுகோகு ஷிம்புன் நாளிதழின் ஒளிப்படக்காரர் யோஷிதோ மட்சுஷிகே. அன்று அவர் எடுத்தவற்றுள் ஐந்து படங்களே இன்று உள்ளன. மியுகி பாலத்தருகே எரிகாயங்களோடு அமர்ந்திருப்போரின் படங்கள் அவற்றுட் சேரும். ஆக்கிரமிப்புக் காலத் தணிக்கை முடிந்தபின், 1952 செப்டம்பரில் லைஃப் இதழ் வழியாக அவை அமெரிக்க வாசகரைப் பரவலாக எட்டின. கேரனின் படம் உலகெங்கும் முன்பே பரவியிருந்தது. மேலிருந்து எடுத்த படத்திற்கும் கீழிருந்து எடுத்த படத்திற்கும் இடையே ஏழாண்டு இடைவெளி விழுந்தது.

1995இல் வாஷிங்டனின் தேசிய வான்வெளி அருங்காட்சியகம் இனோலா கேயின் உடற்பகுதியை ஹிரோஷிமாவின் சான்றுகளோடு சேர்த்துக் காட்சிக்கு வைக்கத் திட்டமிட்டபோது, முன்னாள் படைவீரர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. சனவரியில் திட்டம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் பதவி விலகினார். பின்னர் விமானமும் குழுவினர் பற்றிய செய்திகளும் மட்டும் காட்டப்பட்டன. படைவீரர்களின் வாதத்தைப் புறந்தள்ள இயலாது. ஜப்பானியப் படையின் கொடுமைகள் காட்சியில் போதிய இடம்பெறவில்லை என்றும், தாம் குற்றவாளிகளாகச் சித்திரிக்கப்படுவதாகவும் அவர்கள் கருதினர். சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட மலாயாத் தமிழ்த் தொழிலாளருள் பல்லாயிரவர் மாண்டதை அறிந்த தமிழ்ச் சமூகங்களுக்கு, 1945 ஆகஸ்ட் ஒரு கொடுங்காலத்தின் முடிவும் ஆகும். ஆயினும் அவ்வாதத்தின் சரியான விளைவு இன்னும் கூடுதலான படக்குறிப்பாக இருந்திருக்கவேண்டும். ரயில்பாதையின் சாவையும் மியுகி பாலத்தின் சாவையும் ஒரே அரங்கில் எழுதும் துணிவு தேவைப்பட்டது. அதற்கு மாறாக எழுத்துக் குறைக்கப்பட்டது. உருவம் தனித்து நின்றது.

எழுத்து தன்போக்கில் விடப்பட்டால் நேரும் விபரீதத்திற்கு 2025 மார்ச்சில் ஒரு சான்று கிடைத்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பன்மைத்தன்மை தொடர்பான உள்ளடக்கத்தை நீக்குவதற்காகக் குறித்த பல்லாயிரம் படங்களுள் இனோலா கேயின் படங்களும் இருந்ததாக அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் செய்தி வெளியிட்டது. ஆங்கிலத்தில் ‘கே’ என்ற சொல் தன்பாலீர்ப்பாளரையும் குறிக்கும். ஒரு தாயின் பெயரில் அச்சொல் இருந்தமையே காரணமாகத் தோன்றியது. படத்தைக் காணாமல் படக்குறிப்பின் சொற்களை மட்டும் தேடும் காலத்தில், படக்குறிப்பே படத்தின் இருப்பையும் இன்மையையும் தீர்மானிக்கிறது.

6. படக்குறிப்பின் கடமை

மேற்கண்ட படங்களிலிருந்து நான்கு வினாக்கள் பெறப்படுகின்றன. நடுகல்லின் எழுத்து இவற்றுக்கு முன்மாதிரியாகிறது.

முதலாவது, உருவத்தில் உள்ளோர் அனைவரின் பெயரும் தரப்பட்டுள்ளதா என்பது. விமானியின் பெயரோடு துப்பாக்கி வீரர், தரைப்பணியாளர் ஆகியோரின் பெயர்களும் வேண்டும். பெயர் அறியப்படாவிடின் அவர்தம் பணியேனும் குறிக்கப்படவேண்டும்.

இரண்டாவது, தலைவனும் புரவலனும் யார் என்பது. படத்தை எடுக்க இசைவளித்த அமைச்சகம், எடுத்த ஒளிப்படக்காரர், எழுத்துகளை மறைத்த தணிக்கையாளர், நிதியளித்த நாடு ஆகிய யாவும் இதில் அடங்கும். போர்க்காலப் பத்திரிகைப் படிகளில் படையணியின் அடையாள எழுத்துகள் அழிக்கப்பட்டிருப்பதுண்டு. அந்த அழிப்பும் படத்தின் வரலாறே.

மூன்றாவது, படத்தின் தேதி எந்நிகழ்ச்சிக்கு எத்தனை நாள் முன் அல்லது பின் என்பது. 1940 ஆகஸ்ட் என்னும் குறிப்பு ஆகஸ்ட் 24ஐ நோக்கி நிற்காவிடின் அது வெறும் எண்.

நான்காவது, எந்த நிரைக்காக என்பது. வீரன் எதைக் கவரச் சென்றான் அல்லது எதைக் காக்க நின்றான் என்று கல் கூறும். அவ்வாறே குழுப்படம் அக்குழு சென்ற இலக்கின் படத்தோடும், இயன்றவிடத்து அவ்விலக்கில் வாழ்ந்தோர் எடுத்த படத்தோடும் இணைக்கப்படவேண்டும். மின்வழிப் பட்டியல்கள் பெருகிய இக்காலத்தில் இவ்விணைப்பு கடினமன்று.

முடிவுரை

விமானக் குழுப்படம் இருபதாம் நூற்றாண்டின் நடுகல் என்று கூறுவது எளிது. அவ்வுவமை உருவத்தைப் பொறுத்தவரை பொருந்துகிறது. எழுத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் பொருந்தவில்லை. தம் ஊரின் நிரை மீட்டுப் பட்டவனுக்கு அவ்வூரார் எடுத்த கல்லில், கொன்றவரும் இறந்தவரும் ஒருவரையொருவர் நேரில் கண்டவர்கள். 20,000 அடி உயரத்திலிருந்து பறந்தவர் தாம் கொன்றவரைக் காணவில்லை. கீழே இருந்தவரும் தம்மைக் கொன்றவரைக் காணவில்லை. ஒருவரையொருவர் காணாத இவ்விரு சாராரையும் ஒன்றாகக் காணும் வாய்ப்பு பின்வரும் வாசகருக்கே உண்டு. அவ்வாய்ப்பை ஆக்குவதும் அழிப்பதும் ஆவணக்காப்பகத்தின் எழுத்தே.

தமிழாய்வுக்கு இதில் தனிக்கடமை உண்டு. சென்னை, சிலோன் ஆகிய பெயர்களைத் தாங்கிய படையணிகளின் படங்கள் பல நாடுகளின் தொகுப்புகளில் உள்ளன. அவற்றைத் தமிழில் பட்டியலிடும்போது அப்பெயர்களைப் பெருமைக்காகச் சேர்ப்பதோ வெறுப்பால் நீக்குவதோ வேண்டா. அமைச்சரவை விலகிய மாகாணம் அளித்த கொடை, அக்கொடையால் பறந்த விமானம், அதன் கூண்டில் மாண்ட கிங் என்னும் இளைஞர், விசாகப்பட்டினத்தில் குண்டுக்கு அஞ்சி ஓடிய மக்கள் ஆகிய நான்கையும் ஒரே பதிவில் எழுத இயலும். 264ஆம் படையணியின் ஆகஸ்டுப் படத்திற்கு இன்று தமிழில் எழுதப்படும் குறிப்பு அங்கிருந்து தொடங்கலாம்.